மெக்கானிக் பதில்கள்: காத்து மேல நிக்கிற வண்டி

போன இதழ்ல ஏர் பிரேக் பத்தி எழுதுனதும் எழுதுனோம், கேள்வி எல்லாம் ஏர் சஸ்பென்ஷன், அதாவது பட்டை ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை மேல வண்டியை நிக்க வைக்கிற அமைப்பு, அது பக்கம் திரும்பிருச்சு. பஸ்காரங்க, லாரிக்காரங்க, கார் வச்சிருக்கவங்க, பஸ்ல வெறுமனே தூங்கிட்டு போறவங்கன்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை முழுக்க அதுவே.

கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில வேலை பாக்குறேன் அண்ணே. சேஸிஸ் (பாடி கட்டாத அடிச்சட்டம்) வந்து நிக்கும்போதெல்லாம் பாக்குறேன், கமான் பட்டை இருக்க வேண்டிய எடத்துல கறுப்பு ரப்பர் பை தான் இருக்கு. இத்தனை டன்னை அந்த ரப்பர் எப்படி தாங்குது?

ரப்பர் தாங்கல தம்பி, உள்ள இருக்குற காத்து தாங்குது. ரப்பரோட வேலை காத்தை வெளிய விடாம புடிச்சு வைக்கிறது மட்டும் தான், அதுக்காக உள்ளுக்குள்ள நைலான் இழையை குறுக்கும் நெடுக்குமா வச்சு செஞ்சிருப்பாங்க. கணக்கு ரொம்ப சுலபம். அந்த ரப்பர் பையை பெல்லோஸ்ம்பாங்க. ஒரு பெல்லோஸ்ல காத்து அமுக்குற எடத்தோட விட்டம் 25 செ.மீ.ன்னு வச்சுக்க, பரப்பு சுமாரா 490 சதுர செ.மீ. வரும், உள்ள 5 பார் அழுத்தத்துல காத்து இருந்தா ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஏறக்குறைய 5 கிலோ, பெருக்கிப் பாத்தா 2,450 கிலோ. பஸ்ஸோட பின் ஆக்ஸில்ல, அதாவது சக்கரம் மாட்டுற அச்சுல, பெரும்பாலும் நாலு பெல்லோஸ் இருக்கும், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 9.8 டன். போதாதா?

இதுல அழகு என்னன்னா ஆள் ஏற ஏற காத்தும் ஏறும். சேஸிஸ்ல ஒரு சின்ன வால்வ் மாட்டியிருக்கும், லெவலிங் வால்வ்ம்பாங்க, அதுல இருந்து ஒரு லீவர் நீட்டிக்கிட்டு வந்து ஒரு ஒல்லி கம்பி வழியா ஆக்ஸில்ல சேர்ந்திருக்கும், அடுத்த சேஸிஸ் வரும்போது குனிஞ்சு பாரு, ஆள்காட்டி விரல் தடிமன் கூட இருக்காது அந்த கம்பி. கூட்டம் ஏறி பாடி கீழ இறங்குனா அந்த லீவர் மேல தள்ளப்படும், வால்வ் தொறந்து டேங்க் காத்து பெல்லோஸுக்குள்ள போகும், பாடி பழைய உயரத்துக்கு வந்ததும் வால்வ் மூடிக்கும். ஆள் இறங்குனா பாடி மேல எழும்பும், லீவர் கீழ வரும், அதிகமா இருக்குற காத்து புஸ்ஸுன்னு வெளிய போயிடும். ரோட்டுல ஒவ்வொரு குழிக்கும் இப்படி தொறந்து மூடுனா காத்து எங்க பத்தும், அதனால சின்ன சின்ன அசைவுக்கெல்லாம் அது கண்டுக்காது.

ஸ்பிரிங் மாதிரி எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, சைக்கிள் பம்ப்போட வாயை விரலால அடைச்சுட்டு கைப்பிடியை அமுக்கிப் பாரு, முதல்ல லேசா போகும், போகப் போக முரண்டு புடிக்கும், விட்டா எகிறி வரும், அதே தான். இதுல பட்டையை விட ஒரு பெரிய வசதி இருக்கு. பட்டை வண்டி காலியா போனா தூக்கி தூக்கி போடும், லோடு ஏத்துனா மெத்துன்னு போகும், ஏன்னா பட்டையோட கடினம் மாறவே மாறாது. காத்துல சுமை கூடுனா அழுத்தம் கூடும், அழுத்தம் கூடுனா கடினமும் கூடும், அதனால காலி பஸ்ஸும் சரி ஃபுல் பஸ்ஸும் சரி, செகண்டுக்கு ஒண்ணு ஒண்ணரை தடவைங்கிற அதே நிதானத்துல தான் மேலயும் கீழயும் அசையும். இந்தியாவுல 2001-ல வால்வோ பி7ஆர் வந்தப்போ ஜனங்க வாயை பொளந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா ஒண்ணு, பட்டை சுமையை தாங்குறதோட ஆக்ஸிலை முன்ன பின்ன போகாம புடிச்சும் வைக்கும். காத்துக்கு அந்த வேலை தெரியாது. அதனால தான் ரேடியஸ் ராடு, வி ராடுன்னு கம்பி கம்பியா போட்டு ஆக்ஸிலை கட்டி வச்சிருக்காங்க, சாய்வை அடக்க ஆன்டி ரோல் பார், துள்ளலை அடக்க ஷாக் அப்சார்பர். பாடி கட்டும்போது அந்த ராடு முனையில இருக்குற ரப்பர் புஷ் பக்கத்துலயோ பெல்லோஸ் பக்கத்துலயோ வெல்டிங் பொறி விழாம பாத்துக்கோங்க, ஈர சாக்கு போட்டு மூடுறதுக்கு பதிலா முடிஞ்சா கழட்டியே வச்சிருங்க.

என்கிட்ட ரெண்டு ஆம்னி பஸ் ஓடுது, திருநெல்வேலி. அதுல ஒண்ணு ராத்திரி நிறுத்துனா காலையில பின்பக்கம் இடதுல சாஞ்சு நிக்குது. ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துல சரியாகிடுது. டிரைவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஓனர்"ங்கிறார். ஒண்ணும் இல்லையா?

இருக்குங்க. லீக் இருக்கு. கம்ப்ரஸர் அடிக்கிற காத்து லீக்கை விட அதிகமா இருக்குறதால ஓடும்போது தெரியல, அவ்வளவு தான் வித்தியாசம்.

எங்க தேடணும்னு சாய்வே சொல்லிடும். நிறைய பஸ்ல முன்னாடி ஒரே ஒரு லெவலிங் வால்வ், பின்னாடி பக்கத்துக்கு ஒண்ணு, ஆக மூணு. அதனால பின்னாடி இடது மட்டும் இறங்குதுன்னா அந்த பக்கத்து ரெண்டு பெல்லோஸ், அதுக்கு போற பைப், பைப்பை இணைக்கிற யூனியன், அந்த வால்வ், இதை தாண்டி எங்கயும் போக வேண்டாம். இதுவே முன்பக்கம்னா ரெண்டு பெல்லோஸும் ஒரே வால்வ்ல இருக்குறதால எதுல ஓட்டை இருந்தாலும் ரெண்டும் சேர்ந்தே இறங்கும், அப்போ ரெண்டு பக்கமும் தேடணும். பிட் மேல நிறுத்தி காத்து ஃபுல்லா ஏத்திட்டு இன்ஜினை ஆஃப் பண்ணி, சோப்பு தண்ணியை பிரஷ்ஷால அடிக்க சொல்லுங்க. பெல்லோஸ்ல மடிப்பு வர்ற எடம், மேல பிளேட்டோட சேர்ற விளிம்பு, பைப் சொருகுற எடம், வால்வோட எக்ஸாஸ்ட் ஓட்டை, இந்த நாலு எடத்துல ஒண்ணுல நுரை பொங்கும். ரப்பர்ல மேலாப்புல பொடி வெடிப்பு இருந்தா உடனே பயப்பட வேண்டாம், வெடிப்புக்குள்ள நூல் தெரிஞ்சா அந்த பெல்லோஸை அன்னைக்கே மாத்திடணும். பெட்ரோல், டீசல், தின்னர் போட்டு துடைச்சு பாக்குறேன்னு யாராவது வந்தா விடாதீங்க, ரப்பர் ஊறி போயிடும், சோப்பு தண்ணி போதும்.

எல்லா எடத்துலயும் லேசு லேசா கசியுதுன்னா டேங்க்ல இருக்குற தண்ணியை சந்தேகப்படுங்க. காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுற ஏர் டிரையர் காட்ரிட்ஜ் காலாவதியானா ஈரமும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கஞ்சி மாதிரி போய் வால்வ் உள்ள உக்காந்துக்கும். டேங்க்ல தண்ணியை வடிக்கிற டிரெயின் காக்கை இழுத்து பாருங்க, வெறும் காத்து வந்தா நல்லது, தண்ணியோ வெள்ளை கஞ்சியோ வந்தா டிரையர் செத்து போச்சுன்னு அர்த்தம், வால்வை மட்டும் மாத்துறது தண்டச் செலவு.

டிரைவர்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணதும் கௌம்பக் கூடாது. புரொடெக்ஷன் வால்வ் முதல்ல பிரேக் டேங்குகளுக்கு தான் காத்தை விடும், அது ஒரு அளவுக்கு நிரம்புனப்புறம் தான் சஸ்பென்ஷனுக்கு முறை வரும், அந்த வரிசை சரியான வரிசை தான், சஸ்பென்ஷன் போனா வண்டி சாயும், பிரேக் போனா வேற கதை. பாடி எழும்பி நேரா நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். பெல்லோஸ் சப்பையா இருக்கும்போது வண்டி உள்ள இருக்குற ரப்பர் கட்டை மேல உக்காந்திருக்கும், நடு ரோட்டுல பெல்லோஸ் வெடிச்சா ஓரங்கட்டவும் மெதுவா பக்கத்துல ஒரு எடத்துக்கு போய் சேரவும் தான் அந்த கட்டை, அதுல மதுரை வரைக்கும் போறதுக்கு இல்ல. டயர் வீல் ஆர்ச்சுல உரசும், சப்பையான ரப்பர் இடையில மாட்டி நைஞ்சு நல்ல பெல்லோஸும் போகும்.

சேலத்துல ஒரு லாரி பஸ் ஒர்க்‌ஷாப்ல ஹெல்பரா இருக்கேன். ஆக்ஸிலுக்கு ஜாக்கி போட்டு தூக்கிட்டு நாங்க அடியில போய் பெல்லோஸ் கழட்டுவோம். அப்பா பயப்படுறார், அப்படி செய்யாதடாங்கிறார். அவ்ளோ ஆபத்தா?

அப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி.

ஆக்ஸிலை தூக்குனா என்ன ஆகுதுன்னு யோசிச்சு பாரு. சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஆனா பாடி அப்பவும் எது மேல நிக்குது? அதே காத்து மேல தான். நீ எந்த பெல்லோஸை கழட்ட போறியோ அதே பெல்லோஸ் தான் உன் தலைக்கு மேல இருக்குற டன் கணக்கான எடையை புடிச்சிட்டு இருக்கு. கழட்டக் கூட வேண்டாம், படுத்துக்கிட்டே ஸ்பேனருக்கு கையை நீட்டும்போது முழங்கை அந்த லெவலிங் வால்வ் கம்பியை இடிச்சு அது கழண்டு லீவர் கீழ தொங்குனா போதும், வால்வ் காத்தை தொறந்து விட ஆரம்பிக்கும், சேஸிஸ் இறங்கும். சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல அந்த நேரம் உன் தலையோ கையோ இருந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்ல. வெடிச்சாலோ அதுக்கும் டயம் கெடையாது, பட்டுன்னு உக்காந்துரும்.

அதனால முறை இது தான். சமதளத்துல நிறுத்து, பார்க்கிங் பிரேக் போடு, சாவியை எடுத்து உன் பாக்கெட்ல வை, ஏன்னா வேற ஒருத்தன் விஷயம் தெரியாம ஸ்டார்ட் பண்ணுவான், காத்து ஏறும், வண்டி எழும்பும். கழட்டாத ஆக்ஸில் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வை. அப்புறம் சேஸிஸை, கவனி, ஆக்ஸிலை இல்ல, சேஸிஸை கம்பெனி புக்ல காட்டுற எடத்துல தூக்கி எடைக்கு தகுந்த ஸ்டாண்டு ரெண்டு பக்கமும் வை. செங்கல், ஹாலோ பிளாக், மரத்துண்டு அடுக்கு இதெல்லாம் ஸ்டாண்டு இல்ல, ஹாலோ பிளாக் நொறுங்கும்போது முன்கூட்டி சொல்லாது. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும், தாங்குறதுக்கு இல்ல.

ஸ்டாண்டு உக்காந்தப்புறம் வெளிய நின்னுக்கிட்டே வால்வ் கம்பியை ஆக்ஸில் பக்கம் கழட்டி லீவரை கீழ இறக்கு, காத்து போகும், பாடி ஸ்டாண்டு மேல உக்காரும். சத்தம் சுத்தமா நின்னுச்சா, பெல்லோஸை கையால அமுக்குனா குழியுதா, சஸ்பென்ஷன் டேங்கையும் டிரெயின் பண்ணியாச்சா, இதெல்லாம் பாத்தப்புறம் தான் பைப்பில கை வைக்கணும், கண்ணாடி போட்டுக்கிட்டு. அழுத்தத்தோட இருக்குற பைப்பை உருவுனா அது சாட்டை மாதிரி திரும்பி வந்து கண்ணுல அடிக்கும். மெயின் டேங்க்கையும் சேர்த்து காலி பண்ணா ஸ்பிரிங் பிரேக் தானா புடிச்சுக்கும், அது நல்லது தான், ஆனா அதுக்காக கட்டை வைக்காம இருக்காதே, தூக்குன சக்கரத்துல பிரேக் புடிச்சு என்ன பிரயோஜனம்.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு: பல வண்டியில பெல்லோஸ் எவ்ளோ தூரம் நீளலாம்ங்கிறதுக்கு எல்லையே ஷாக் அப்சார்பர் தான். காத்து இருக்கும்போது ஷாக்கை கழட்டுனா பெல்லோஸ் இஷ்டத்துக்கு நீண்டு பிளேட்ல இருந்து பிடுங்கிக்கும். முதல்ல காத்து, அப்புறம் தான் ஷாக்.

புதுசை மாட்டுறப்ப பைப் முறுக்கு இல்லாம, பிரேக் சேம்பர்லயோ வேற எதுலயோ உரசாம இருக்கான்னு சுத்தி வர கைவிட்டு பாரு. மாட்டி முடிச்சு ஸ்டாண்டு எடுக்குறதுக்கு முன்னாடியே காத்து ஏத்தணும், கொஞ்சம் கொஞ்சமா, மடிப்பு சரியா விரியுதான்னு பாத்துக்கிட்டே. காத்து இல்லாத பெல்லோஸ் மேல வண்டியை இறக்கிட்டு அப்புறம் ஏத்துனா உள்பக்கம் மடிஞ்சு மாட்டிக்கும், புதுசு அன்னைக்கே கிழியும். அப்புறம், பெல்லோஸை தரையில வச்சு லீக் இருக்கான்னு காத்தடிச்சு பாக்குற பழக்கம் சில பட்டறையில உண்டு, தயவு செஞ்சு வேண்டாம், வண்டியில மாட்டாம அடிச்சா அதை தடுக்க எதுவும் இல்ல, பிச்சுக்கிட்டு பறக்கும்.

பெல்லோஸ்ல சின்ன ஓட்டைன்னா டயருக்கு போடுற மாதிரி பஞ்சர் ஒட்டலாமா? – மெயில்ல வந்தது, ஊர் போடல

கூடாது. மடிஞ்சு விரியுற எடத்துல எந்த ஒட்டும் நிக்காது.

கோயம்புத்தூர். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெர்மன் எஸ்யூவி வாங்குனேன் சார். முன் இடது பக்கம் மட்டும் ராத்திரியில இறங்கிடுது. ஒர்க்‌ஷாப்ல கம்ப்ரஸர் போச்சு மாத்தணும்னு பெரிய எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. இன்னொரு எடத்துல ஏர் எல்லாம் தூக்கிட்டு காயில் ஸ்பிரிங் போட்டா தலைவலியே இருக்காதுங்கிறாங்க. எதை கேக்குறது?

ரெண்டையும் உடனே கேக்காதீங்க. கம்ப்ரஸர் போச்சுன்னா வண்டி எழும்பாது, ஒரு மூலை மட்டும் ராத்திரியில இறங்காது. ஒரு மூலை இறங்குதுன்னா அந்த மூலையில ஏர் ஸ்ட்ரட்டோ (காத்துப் பையும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்தது), அதுக்கு போற பைப்போ, வால்வ் பிளாக்ல அந்த மூலைக்கான வால்வோ லீக். கார்ல இருக்குற கம்ப்ரஸர் பஸ்ல மாதிரி இன்ஜின்ல ஓடுற பெருசு இல்ல, கரண்ட்ல ஓடுற சின்னது, அது அப்பப்போ கொஞ்ச நேரம் ஓடி நிக்கிறதுக்கு தான் செஞ்சிருக்கு. லீக் இருந்தா அது காலையில இருந்து ஓடிட்டே இருக்கும், சூடாகும், உள்ள இருக்குற டிரையர் மணல் ஈரம் கோர்த்து வேலை செய்யாம போகும், கடைசியில கருகும். சில சமயம் அதை ஆன் ஆஃப் பண்ற ரிலே ஒட்டிக்கிட்டும் நிக்காம ஓடும். ஆக உங்க கம்ப்ரஸர் நெஜமாவே போயிருக்கலாம், ஆனா அதை கொன்னது லீக், லீக்கை விட்டுட்டு புது கம்ப்ரஸர் போட்டா அதுவும் அதே வழியில போகும். முதல்ல ஸ்கேனர் போட்டு நாலு மூலை உயரம், அழுத்தம் பாக்க சொல்லுங்க, சோப்பு தண்ணி அடிச்சு பாக்க சொல்லுங்க, மாத்துனா கம்ப்ரஸரோட ரிலேயையும் மாத்த சொல்லுங்க, ஹைட் சென்சர்ல கை வச்சா உயரத்தை திரும்ப கேலிபரேட் பண்ணணும், இல்லன்னா ஹெட்லைட் வரைக்கும் கோணலாகும்.

காயில் மாத்துறது புது யோசனை இல்லங்க, 1957-ல அமெரிக்காவுல காடிலாக் எல்டொராடோ ப்ரோஹம் ஏர் சஸ்பென்ஷனோட வந்தப்பவே லீக் தாங்காம நிறைய ஓனருங்க காயில் போட்டுக்கிட்டாங்க. ஆனா அந்த கார்ல கம்ப்யூட்டர் இல்ல. உங்க வண்டியில ஈ.சி.யூ. காத்து எங்கன்னு தேடி வார்னிங் லைட்டை எரிய விட்டுட்டே இருக்கும், ஷாக்கும் அந்த சிஸ்டத்தோட சேர்ந்தது, அதோட மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு கம்பெனி குடுத்த அமைப்பை மாத்துறதை பத்தி பேசுது, நாளைக்கு இன்சூரன்ஸ்ல அது தான் முன்னால வந்து நிக்கும். என்னை கேட்டா லீக்கை சரி பண்ணிட்டு ஏர்லயே ஓட்டுங்க.

டயர் பஞ்சர் ஆனா கவனம். தூக்குறதுக்கு முன்னாடி மெனுல ஜாக் மோட் இருக்கும், அதை போடணும். போடலன்னா ஒரு மூலை மட்டும் ஏன் ஒசரமா இருக்குன்னு வண்டி குழம்பி காத்தை வெளிய விட்டு சரி பண்ண பாக்கும், ஜாக்கி மேல இருக்கும்போதே வண்டி அசையும்.

பட்டையை விட ஏர் பஸ் சுகம்னு தான் காசு கூட குடுத்து ஸ்லீப்பர்ல போறேன். ஆனா மேல் பெர்த்துல படுத்தா தொட்டில்ல போட்ட மாதிரி ஆடி வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பட்டை பஸ்ல இப்படி ஆனதே இல்லையே. – சென்னையில வேலை பாக்குற ஒரு வாசகி, சொந்த ஊர் நாகர்கோவில்

உங்க வயித்து மேல தப்பு இல்லம்மா. பட்டை பஸ் கடகடன்னு வேகமா உதறும், அது இடுப்புக்கு கெடுதலே தவிர வாந்தி வராது. தலை சுத்த வைக்கிறது நிதானமான பெரிய ஆட்டம் தான், கப்பல்ல வர்றதும் அதே தான். ஏர் சஸ்பென்ஷன் சரியா இருந்தா அந்த அளவுக்கு மெதுவா ஆடாது. ஷாக் அப்சார்பர் தேஞ்ச பஸ்ல மட்டும் ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்தப்புறமும் ரெண்டு மூணு தடவை ஆடிட்டே இருக்கும், வளைவுல சாஞ்சு சாஞ்சு வரும். பெல்லோஸ் சுமையை தாங்கும், ஆட்டத்தை நிறுத்துறது ஷாக் தான், அதை மாத்தாம ஓட்டுற வண்டி நிறைய. மேல் பெர்த் உயரத்துல இருக்குறதால சாய்வு கூடுதலா தெரியும், பின் சக்கரத்துக்கும் பின்னால இருக்குற பெர்த்துன்னா துள்ளலும் சேரும். புக் பண்ணும்போது ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல கீழ் பெர்த் பாருங்க, அது கெடைக்கலன்னா அன்னைக்கு சீட்டர் பஸ்ஸே மேல்.

லாரியில லெவலிங் வால்வ் கம்பியை கொஞ்சம் நீளமா வெட்டி போட்டா வண்டி ஒசரமா கெத்தா நிக்குதே, செய்யலாமா? – நாமக்கல் தம்பி ஒருத்தர்

கெத்து கொஞ்ச நாள் தான். உயரம் மாறுனா இன்ஜின் சக்தியை பின் ஆக்ஸிலுக்கு கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டோட கோணம் மாறும், அதை இணைக்கிற க்ராஸ் ஜாயின்ட் அதிரும், அதோட பெல்லோஸ் மேல்நோக்கி விரிய எடம் இல்லாம ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் இழுபடும். புக்ல என்ன மில்லிமீட்டர் போட்டிருக்கோ அது தான் உயரம்.

நீங்க கேக்கல, இருந்தாலும் லாரிக்காரங்களுக்கு: பட்டை வண்டியில ஓவர்லோடு ஏத்துனா பட்டை வளைஞ்சு காட்டி குடுத்துரும். ஏர் வண்டி காத்தை ஏத்திக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நேரா நிக்கும், ஆனா டயருக்கும் ஆக்ஸிலுக்கும் பிரேக்குக்கும் சுமை அதே சுமை தான். உயரத்தை நம்பாதீங்க, பெல்லோஸ் லைன்ல ஒரு கேஜ் இருந்தா அந்த அழுத்தத்தை வச்சு லோடு எவ்ளோன்னு ஓரளவு சொல்லிடலாம்.

எட்டாவது படிக்கிறேன் அங்கிள். வந்தே பாரத்ல போனோம், குலுங்கவே இல்ல. ட்ரெயின்லயும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கா?

இருக்குடா. வந்தே பாரத் முதல்ல சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி தொழிற்சாலையில செஞ்சது, 2019 பிப்ரவரியில ஓட ஆரம்பிச்சது. அதுல சக்கரத்துக்கும் போகி ஃப்ரேமுக்கும் (பெட்டிக்கு அடியில சக்கரங்களை புடிச்சிருக்குற சட்டம்) நடுவுல காயில் ஸ்பிரிங், அந்த ஃப்ரேமுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஏர் ஸ்பிரிங், ரெண்டு அடுக்கு. சென்னை மெட்ரோவுலயும் ஏர் ஸ்பிரிங் உண்டு, அங்க இன்னொரு லாபம் என்னன்னா கூட்டம் ஏறுனாலும் இறங்குனாலும் பெட்டியோட தரை பிளாட்ஃபாரம் மட்டத்துலயே நிக்கும், வீல் சேர்ல வர்றவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவின்னு அடுத்த தடவை ஏறும்போது கீழ பாரு. 2024-ல சென்னை மாநகர போக்குவரத்துக் கழகத்துக்கு (எம்.டி.சி.) வந்த தாழ்தள பஸ்ல இதையே திருப்பி பண்றாங்க, ஸ்டாப்புல நின்னதும் படிக்கட்டு பக்கத்து காத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி பஸ்ஸே குனிஞ்சு குடுக்கும். ட்ரெயின்ல காத்து போனா விழுந்துடுமான்னு அடுத்து கேப்ப, விழாது, உள்ள ஒரு ரப்பர் ஸ்பிரிங் இருக்கு, அது மேல உக்காந்து வேகத்தை குறைச்சு ஓட்டிட்டு போயிடுவாங்க.